ஆறு மாதக் காவல்

யாராவது என் முன்னால் உட்கார்ந்து மன்னிப்பின் பெருமையைப் பேச ஆரம்பித்தால் எனக்கு மிஷின்காரக்காவின் முகம்தான் நினைவுக்கு வரும். எப்போதும் உதட்டோரம் இரண்டு குண்டூசிகளைக் கடித்துக்கொண்டிருக்கும் முகம். ஊசியை எடுக்காமலே பேசுவாள், சிரிப்பாள், திட்டுவாள். "மன்னிக்கிறதுக்கு என்னாத்துக்கு அவசரம்? அவன் என்ன ஊரை விட்டா போயிடப் போறான்? மொதல்ல குடுக்க வேண்டியதைக் குடுத்துட்டு அப்பறமா மன்னிச்சுக்கலாம்" என்பாள்.

தையல் மிஷின் வைத்திருந்ததால் ஓசூர்க் கடைத்தெருவுக்கே அவள் மிஷின்காரம்மா. எனக்கு அக்கா. சொந்தப் பெயர் சொல்லி மாதா கோயிலில் மட்டும்தான் கூப்பிடுவார்கள். அதை நான் இங்கே எழுதப் போவதில்லை. இன்னும் யாராவது அவள் மேல் கோபத்தோடு உயிருடன் இருக்கலாம். கோபம் வந்தால் கன்னடம் பேசுவாள், பேரம் என்றால் தெலுங்கு, ஜெபத்துக்கு மட்டும் தமிழ். மூன்று மொழியிலும் குரல் ஒரே சுதியில்தான் இருக்கும்.

அவள் சுபாவம் புரிய வேண்டுமானால் பேரிகை ஊர் மிளகாய் வியாபாரி வீட்டம்மாவின் கதையைச் சொல்ல வேண்டும். அந்த அம்மா ஒரு தடவை கடைத்தெருவில் நாலு பேர் கேட்க, "அந்த மிஷின்காரி துணி திருடுறா" என்று சொல்லிவிட்டாள். அக்கா சண்டைக்குப் போகவில்லை. அடுத்த முறை ரவிக்கையோடு ஒரு சின்ன முடிச்சையும் கொடுத்தாள். வெட்டிப்போட்ட துண்டு, ஓரத்துப் பிசிறு, அறுந்த நூல் எல்லாம் அதற்குள் இருந்தன. "சரியா இருக்குதான்னு பாத்துக்கோம்மா, உன் சொத்து." அந்த அம்மா அசடு வழிந்தாள். அதற்கடுத்த முறையும் முடிச்சு வந்தது. சந்தைக் கூட்டத்தில் கூப்பிட்டுக் கொடுத்தாள். ஒரு முறை புறப்பட்டுவிட்ட பஸ்ஸை நிறுத்தி ஜன்னல் வழியாகக் கொடுத்தாள். வருஷக்கணக்கில் இது நடந்தது. வேறு இடத்தில் தைத்துக்கொள்ளலாமே என்று நீங்கள் கேட்கலாம். அக்கா வெட்டுகிற கழுத்து அந்தப் பக்கத்தில் வேறு யாருக்கும் வராது. அதனால் அந்த அம்மா வாய்க்குள் முனகிக்கொண்டே வந்து வந்து முடிச்சை வாங்கிக்கொண்டு போனாள்.

நான் கல்யாணமாகி சேலத்திலிருந்து ஓசூருக்கு வந்தது அறுபதுகளின் பிற்பாதியில். என் வீட்டுக்காரருக்கு மாட்டுப் பண்ணையில் எழுத்தர் வேலை. கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். நடுவில் குறுகலான சந்து, இரண்டு பக்கமும் எதிரெதிராக ஓட்டு வீடுகள், சந்தின் கடைசியில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு கிணறு. ரோட்டைப் பார்த்த முதல் வீடு அக்காவுடையது. அதற்கு நேர் எதிர் வீடு எங்களுடையது. லைன் முழுவதும் ஒரு புளி மண்டிக்காரருக்குச் சொந்தம். வெள்ளை வேட்டி, சந்தனப் பொட்டு, பேச்சில் அப்படி ஒரு பணிவு. அந்தப் பணிவைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கூரை ஒழுகுகிறது என்று யார் போய்ச் சொன்னாலும், "ஏம்மா, அரண்மனை மாதிரி வீடு, அதுக்குப் போய் குறை சொல்றியே" என்று சிரித்தபடி அனுப்பிவிடுவார்.

அக்காவின் புருஷன் லாரி டிரைவர். குருபரப்பள்ளிப் பக்கம் லாரி கவிழ்ந்ததில் இடுப்பில் அடிபட்டு, கயிற்றுக் கட்டிலோடு கிடந்தார். அதிர்ந்து பேசாத மனிதர். அக்கா மிஷினை மிதித்துத்தான் வீடு ஓடியது. அந்தச் சமயத்தில் பெங்களூர் லாரி புக்கிங் ஆபீஸ்காரர்கள் ரோட்டைப் பார்த்த அந்த வீட்டை மண்டிக்காரரிடம் கேட்டிருக்கிறார்கள். அவருக்கு ஆசை வந்துவிட்டது. காலி பண்ணச் சொன்னார். கட்டிலோடு கிடக்கிறவரை வைத்துக்கொண்டு எங்கே போவது என்று அக்கா மறுத்தாள்.

அதன் பிறகு அவர் செய்தது எதையும் நான் மறக்கவில்லை. முதலில் கிணற்று ராட்டினத்தைக் கழற்றிக்கொண்டு போனார். ஒரு வீட்டை விரட்ட லைனுக்கே தண்ணீர்க் கஷ்டம். பிறகு ஐப்பசி மழை நேரமாகப் பார்த்து, ரிப்பேர் என்று சொல்லி ஆட்களை ஏற்றி அக்கா வீட்டு ஓடுகளில் பாதியை இறக்கினார். இறக்கினவர்கள் திரும்ப வரவேயில்லை. மழை கொட்டியது. அக்காவும் நானும் அந்தக் கட்டிலை மூலைக்கு மூலை இழுத்தோம். எந்த மூலைக்குப் போனாலும் அங்கேயும் சொட்டியது. அந்த மனிதர் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் அக்கா மிஷின் மேல் போட்டிருந்த சாக்கை எடுத்து அவர் மேல் போட்டாள். மிஷின் நனைந்தது.

துணி தைக்க வருகிற ஒரு வக்கீல் வீட்டம்மாதான், குடியிருக்கிற வீட்டில் தண்ணியையும் கூரையையும் பறிக்கக்கூடாது, அதைக் கேட்கச் சட்டம் இருக்கிறது, தாலுகா ஆபீசுக்குப் போ என்று சொன்னாள். அக்கா போனாள். வாடகை வழக்குகளை விசாரிக்கிற ஆபீசர் மண்டிக்காரரைக் கூப்பிட்டு, எல்லோர் முன்னாலும் கடிந்துகொண்டு, ஓட்டைத் திரும்பப் போடச் சொன்னார். அவரும் போட்டார். உடைந்ததும் கீறல் விட்டதுமாகப் பொறுக்கி எடுத்துப் போட்டார். ராட்டினத்தைப் பற்றி ஆபீசர் கேட்க மறந்துவிட்டார், அதனால் அது திரும்பவில்லை.

அந்த அவமானத்தை மனசில் வைத்துக்கொண்டு மண்டிக்காரர் புது மனு போட்டார். எனக்கே குடியிருக்க வீடு வேண்டும் என்று. சொந்த உபயோகத்துக்கு என்று கேட்டால் ஆபீசரால் மறுக்க முடியாதாம், குடியிருக்கச் சொந்தமாக வேறு வீடு இல்லாமலிருந்தால். லைனில் மற்ற வீடுகளிலெல்லாம் ஆள் இருந்தது. கடைத்தெருவுக்கு அந்தப் பக்கம் இவருக்கு மாடி வைத்த பெரிய வீடு இருக்கிறது. ஆனால் வரிக்குப் பயந்து எப்போதோ அதை மகன் பேருக்கு எழுதி வைத்திருந்தார். பெண்டாட்டி போய்ச் சேர்ந்த பிறகு மகன், மருமகளோடு அங்கேதான் ராஜா மாதிரி இருந்தார்.

விசாரணை அன்று அக்காவோடு நானும் போயிருந்தேன். மண்டிக்காரர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னதை என் காதால் கேட்டேன்.

"அந்த வீடு என் மகனுதுங்க. அங்க எனக்குன்னு இடமே கிடையாதுங்க. மருமக ஒரு வாய் சோறு போடறதில்லீங்க. நான் பொம்மனாட்டி இல்லாத ஆளு. இந்த வயசுல எனக்குன்னு ஒரு கூரை வேணாமுங்களா?"

வாய் கூசாமல் சொன்னார். அந்த மருமகளை எங்கள் எல்லோருக்கும் தெரியும். நல்ல மாதிரி. மாமனாருக்குச் சுடச்சுடக் களி கிண்டி, கீரை கடைந்து, நெய் ஊற்றிப் போடுகிறவள். இரண்டு வேளைக்கும் மண்டிக்கே கேரியர் அனுப்புகிறவள். அக்காவிடம்தான் ரவிக்கை தைக்கக் கொடுப்பாள். அக்கா வாயைத் திறந்து மறுக்கட்டும் என்று நான் அவள் கையைக் கிள்ளினேன். அவள் ஊசியைக் கடித்தபடி சும்மா நின்றாள்.

ஆபீசர் அக்காவைக் காலி பண்ணச் சொன்னார். பிறகு மண்டிக்காரரைப் பார்த்து, "ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க. ஒரு மாசத்துக்குள்ள நீங்களே அங்க குடி போகணும். வீடு கைக்கு வந்த நாள்லருந்து ஆறு மாசம் முடியற வரைக்கும் இருக்கணும். போகலைன்னாலும், நடுவுல விட்டுட்டுக் கிளம்பினாலும், இந்தம்மா வந்து கேட்டா வீட்டைத் திரும்ப இவங்களுக்கே குடுத்துருவேன்" என்றார்.

அப்போதுதான் அக்கா பேசினாள். "ஐயா, அதையே அவருக்குத் தெலுங்குல ஒருக்கா சொல்லிடுங்க. நாளைக்குப் புரியலைன்னு சொல்லக்கூடாது."

ஆபீசர் சிரித்துவிட்டார். தெலுங்கிலும் சொன்னார்.

அடுத்த வருஷம் ஆவணியில் ஒரு முகூர்த்த நாளில் காலி செய்தார்கள். மாதா கோயில் சாமியார், கோயிலுக்குப் பின்னால் சாமான் போட்டு வைத்திருந்த ஓர் அறையை ஒழித்து, வேறு வீடு கிடைக்கிற வரைக்கும் இருந்துகொள்ளச் சொல்லியிருந்தார். பாத்திரம் பண்டமெல்லாம் வண்டியில் ஏறிவிட்டது. கட்டில்தான் பாக்கி. நாலு பேர் பிடித்து நிலைவாசலில் சாய்த்துத் திருப்பிக்கொண்டிருந்தார்கள், அந்த மனிதர் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். வாசலில் மண்டிக்காரர் புதுப் பாத்திரமும் பாலும் மாவிலையுமாக நின்றார்.

"சீக்கிரம் தூக்குங்கப்பா. பால் காய்ச்சணும். நல்ல நேரம் போயிடுது."

கட்டிலில் இருந்தவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். சந்து முழுக்க ஜனம் நின்றது. வண்டி திரும்புகிற வரைக்கும் அவர் துண்டை எடுக்கவில்லை. அக்கா அதைப் பார்த்தாள். அவள் பார்த்ததை நான் பார்த்தேன். அந்த வீடு, ராட்டினம், ஓடு எல்லாவற்றையும் ஒரு நாள் அவள் மறந்திருக்கலாம். அந்தத் துண்டை மறந்திருக்க மாட்டாள்.

புருஷனைக் கொண்டுபோய் விட்டுவிட்டு அவள் அரை மணியில் திரும்பி வந்தாள். உள்ளே பால் பொங்கி, எல்லோருக்கும் தம்ளரில் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அக்காவும் கை நீட்டி ஒரு தம்ளர் வாங்கிக் குடித்தாள்.

"சக்கரை கொஞ்சம் கம்மிங்க" என்றாள். "அப்போ குடி வந்துட்டீங்க?"

"வந்தாச்சே! பால் பொங்கிருச்சு, சாமி படம் மாட்டியாச்சு" என்றார் மண்டிக்காரர்.

அவர் நிஜமாகவே அப்படித்தான் நம்பினார். நம் பக்கத்தில் பால் காய்ச்சிவிட்டால் குடி வந்த மாதிரிதான். சாமான் பிறகு வரும், ஆள் பிறகு வரும், அதைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள். சர்க்காரும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டார். அன்று சாயங்காலமே வீட்டைப் பூட்டிக்கொண்டு பெரிய வீட்டுக்குப் போய்விட்டார். மண்டி ஆள் ஒருவன் தினமும் பொழுது சாய வந்து திறந்து, சாமி படத்துக்கு விளக்கேற்றிவிட்டுப் பூட்டிக்கொண்டு போனான்.

அந்த வாரமே அக்காவின் மிஷின் என் வீட்டு முன்னறைக்கு வந்தது. கோயில் அறையில் வெளிச்சம் போதவில்லை என்று சொன்னாள். எதிர் வீட்டுக் கதவைப் பார்த்தபடி மிஷினைப் போட்டாள். காலையில் வந்தால் பொழுது சாயும் வரை அங்கேதான். மண்டிக்காரர் என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, உள்வாடகைக்கு விட்டிருக்கிறாய் என்று உன் மேலும் மனு போடுவேன் என்று மிரட்டினார். என் வீட்டுக்காரர் பயந்த சுபாவம். வேண்டாம் என்று என்னிடம் கெஞ்சினார். "என் சிநேகிதி என் வீட்ல உக்காந்து துணி தைக்கிறா. அதுக்கு யார் என்ன மனு போடுறது?" என்று நான் பிடிவாதமாக நின்றேன். எனக்கும் அந்த ஆள் மேல் அவ்வளவு கோபம் இருந்தது.

மாதம் முடிய நாலைந்து நாள் இருக்கும்போது அக்கா செய்த காரியம்தான் எனக்கு அன்றைக்கு விளங்கவேயில்லை. நேரே மண்டிக்குப் போனாள். மூட்டை இறக்க வந்த விவசாயிகள் எல்லாம் சுற்றி நிற்க, "வீடு பூட்டியே கெடக்குதுங்க. மாசம் முடியப் போவுது. மனு எழுதக் குடுத்துட்டேன்" என்றாள்.

மண்டிக்காரர் துள்ளினார். "பால் காய்ச்சினேனே! நீயே வந்து குடிச்சியே!"

"குடிச்சேன். பால் காய்ச்சறதுக்கா ஆபீசர் வீடு குடுத்தாரு? நீங்க படுத்து எந்திரிக்கிறதுக்குக் குடுத்தாரு."

அவர் வக்கீலிடம் ஓடினார். மறுநாளே ஒரு வண்டியில் கட்டில், மெத்தை, ஒரு மரப்பெட்டியோடு வந்து இறங்கினார்.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். "ஏங்க்கா, இன்னும் நாலு நாள் வாயை மூடிட்டு இருந்திருந்தா வீடு உங்க கைக்கு வந்திருக்குமே!"

அக்கா நூலைக் கோத்துக்கொண்டே சொன்னாள். "வந்திருக்கும். ஆனா அவரு அந்தக் கூரைக்குக் கீழ ஒரு நாள்கூட படுத்திருக்க மாட்டாரே, தங்கச்சி."

"ஆறு மாசம் இருந்துட்டார்னா?"

"இருக்க மாட்டாரு. மழை வரட்டும். ஓடுவாரு. ஓடினா வீடும் நமக்கு."

ஆக, அவள் சொந்தப் புருஷனின் கூரையை வைத்துச் சூதாடினாள். அவரிடம் இதைப் பற்றி நான் கேட்டேன். "அவ ஒண்ணு நினைச்சுட்டா யார் சொல்லிக் கேப்பா? எனக்கு இந்த ரூம் போதும்மா" என்று மட்டும் சொன்னார். சாமியார் சும்மா இருக்கவில்லை. பகைவனை மன்னிக்க வேண்டும் என்று அவளை உட்கார வைத்துப் புத்தி சொல்லியிருக்கிறார். "மன்னிச்சுடறேன் சாமி. மாசியில மன்னிச்சுடறேன்" என்றாளாம். மாசியில்தான் அந்த ஆறு மாதம் முடிகிறது. சாமியாரே இதை என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

ஐப்பசி மழை வந்தது. மண்டிக்காரர் பொறுக்கிப் போட்ட உடைந்த ஓடுகளின் கீழே மண்டிக்காரரே படுத்திருந்தார். எதிர் வீட்டில் கட்டில் இழுபடுகிற சத்தம் எங்களுக்குக் கேட்டது. இந்த மூலை, அந்த மூலை. அக்கா மிஷினை நிறுத்திவிட்டு அந்தச் சத்தத்தைக் கேட்டாள். விடிந்ததும் அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு கிணற்றுக்குப் போவார். ராட்டினம் இல்லாத கிணற்றில் கயிற்றைக் கையால் இழுக்க வேண்டும். பெரிய வயிறு, குனிய முடியாது. லைன் பெண்கள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்று வேடிக்கை பார்ப்போம். யாரும் ஒரு கை கொடுக்கவில்லை. நானும் கொடுக்கவில்லை.

அக்கா மட்டும் தினமும் மரியாதையாக விசாரிப்பாள். "தூக்கம் வந்துச்சுங்களா? அரண்மனை சௌகரியமா இருக்குதுங்களா?"

அவர் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு போவார். ஆனால் ஓடவில்லை. நாங்கள் எதிர்பார்க்காத வேறொரு காரியம் செய்தார். ஆளைக் கூப்பிட்டுக் கூரையைப் பிரித்து, நல்ல ஓடாகப் போட்டார். கிணற்றுக்குப் புது ராட்டினம் வந்தது. கதவு இல்லாமல் சாக்குத் தொங்கிக்கொண்டிருந்த கக்கூசுக்குக் கதவு வந்தது. வருஷக்கணக்கில் நாங்கள் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனதெல்லாம் அவர் குடிவந்த இரண்டாம் மாதத்தில் நடந்துவிட்டது. லைனே சந்தோஷப்பட்டது. அக்கா மட்டும் சந்தோஷப்படவில்லை. மனுஷன் சௌகரியமாகக் கால் நீட்டிப் படுத்துவிட்டால், ஆறு மாதத்தைத் தாண்டிவிடுவார். அதன் பிறகு வீட்டைப் புக்கிங் ஆபீசுக்குக் கொடுத்துவிட்டு, பெரிய வீட்டில் போய் நெய் ஊற்றிக் களி சாப்பிடுவார்.

தீபாவளிக்கு ரவிக்கை அளவு கொடுக்க அந்த மருமகள் என் வீட்டுக்கு வந்தாள். கையில் கேரியர். மாமனாருக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு அப்படியே எதிரே வந்திருந்தாள். அக்கா அளவு டேப்பை அவள் தோளில் வைத்தாள். நான் பக்கத்தில் பூத்தொடுத்துக்கொண்டிருந்தேன்.

"ஏம்மா, ஒண்ணு கேட்டா தப்பா நினைக்க மாட்டியே" என்று தெலுங்கில் ஆரம்பித்தாள் அக்கா. தெலுங்கு அவளுக்குப் பேரத்துக்கான மொழி என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. "மாமனாருக்கு நீ ஒரு வாய் சோறு போடறதில்லையாமே? ஆபீசர்கிட்ட அழுதாரு. அங்க இருந்தவங்க எல்லாம் உன்னைப் பத்தி ஒரு மாதிரி பேசினாங்க. எனக்கு மனசே கேக்கல. தினமும் நீ கேரியர் தூக்கிட்டு வர்றதை நான் பாக்கறேனே."

அந்தப் பெண்ணின் முகம் வெளுத்துவிட்டது. என்னைப் பார்த்தாள். "நிஜமா?" என்றாள்.

"என் காதால கேட்டேன்" என்றேன். அது உண்மைதான். அக்கா சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஆனால் அந்த உண்மையை விசாரணை நாளிலிருந்து அவள் வாயில் ஊசியோடு ஊசியாகக் கடித்து வைத்திருந்தாள்.

"அந்த வீட்ல அவருக்கு இடமே இல்லைன்னும் சொன்னாரு. மகனுதாம். சர்க்கார் முன்னால சொன்னதாச்சே, மாத்த முடியாது" என்றாள் அக்கா. பிறகு டேப்பை இடுப்புக்கு இறக்கினாள். "கையைத் தூக்கும்மா."

அதற்குப் பிறகு கேரியர் மெலிந்துகொண்டே வந்தது. நாலு அடுக்கு மூன்றாயிற்று. பிறகு இரண்டு. கார்த்திகையில் அவளுக்குப் பதிலாக மண்டி ஆள் கொண்டுவந்தான். மார்கழியில் சோறு ஆறிப்போய் வந்தது. தையில் கேரியரே வரவில்லை. மண்டிக்காரர் கடைத்தெருவில் டீயும் பன்னும் சாப்பிட்டுவிட்டு, சால்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு குளிரில் சந்துக்குள் நடந்து வருவதைப் பார்ப்போம். மண்டியிலும் இப்போது மகன்தான் கல்லாவில் உட்கார்ந்திருந்தான். புக்கிங் ஆபீஸ்காரர்கள் காத்திருந்து சலித்து, ஜூஜுவாடிப் பக்கம் வேறு இடம் பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள்.

தை கடைசியில் ஒரு நாள் அவரால் முடியவில்லை. மெத்தையைச் சுருட்டி, பெட்டியோடு வண்டியில் ஏற்றினார். ஓடுகிறார்! "அக்கா, வீடு உங்களுக்குத்தான்!" என்று கத்திவிட்டேன். அக்கா மிதிப்பதை நிறுத்தவில்லை. "பொறு" என்றாள்.

ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அதே வண்டி, அதே மெத்தை, அதே பெட்டியோடு திரும்பி வந்தது. பின்னால் மகன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். சந்துக்கே கேட்கிற மாதிரி சொன்னான்.

"நீங்கதானே நைனா சொன்னீங்க, அது என் வீடு, உங்களுக்கு அங்க இடமில்லைன்னு? சோறு போடாத வீட்டுக்கு என்னாத்துக்கு வர்றீங்க? என் பொண்டாட்டி ஊர்ல தலை காட்ட முடியாமப் பண்ணிட்டீங்களே!"

வண்டிக்காரன் மெத்தையை இறக்கி வாசலில் போட்டுவிட்டுப் போனான். மண்டிக்காரரே அதை உள்ளே இழுத்துக்கொண்டு போனார்.

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. அவர் ஓடிவிட்டால் அக்காவுக்கு வீடு. அவர் ஓடுவதற்கு இருந்த ஒரே கதவை மூடியவளே அக்காதான். அந்த மருமகளிடம் வாயைத் திறந்த அன்றைக்கே அவளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

"வீடு போச்சே அக்கா" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"போகட்டும்" என்றாள். "வீடு எங்க வேணா கிடைக்கும்."

எனக்கு முதல் தடவையாக அவளைப் பார்க்கக் கொஞ்சம் பயமாக இருந்தது. பயத்தோடு கூடவே ஒரு திருப்தி. இரண்டும் இருந்தன என்பதை மறைக்க மாட்டேன்.

மாசியில் ஆறு மாதம் முடிந்தது. அதற்குள் அக்காவின் புருஷன் தடியை ஊன்றிக்கொண்டு கோயில் வரைக்கும் நடக்க ஆரம்பித்திருந்தார். கிருஷ்ணகிரியில் ஒரு லாரி ஷெட்டில் காவல் வேலையும், கூடவே இருக்க ஒரு வீடும் சாமியார் பார்த்துக் கொடுத்திருந்தார். அன்று காலை அக்கா வந்தாள். மிஷினில் உட்காரவில்லை. உதட்டோரம் ஊசி இல்லை. சந்தைத் தாண்டி நேரே எதிர் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினாள். பால் குடித்த நாளுக்குப் பிறகு அவள் அந்தப் படியில் கால் வைத்தது அன்றுதான்.

மண்டிக்காரர் கதவைத் திறந்தார். ஒரு வார தாடி. வேட்டி பழுப்பேறிக் கிடந்தது. சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்திருப்பார், ஓர் அடி பின்னால் போனார்.

"ஆறு மாசம் முடிஞ்சிருச்சுங்க" என்றாள் அக்கா. குரலில் அவ்வளவு பணிவு. "இனிமே சட்டம் உங்களைப் பிடிச்சு வைக்காது. நான் மனுவெல்லாம் போட மாட்டேன். நீங்க எப்போ வேணா கிளம்பி உங்க வீட்டுக்குப் போலாம்."

அவர் அவளைப் பார்த்தார். சந்தில் நின்ற எங்களைப் பார்த்தார். பிறகு நிஜமாகவே தெரியாதவர் போலக் கேட்டார்.

"எந்த வீட்டுக்கும்மா?"

அக்கா படி இறங்கி என்னிடம் வந்தாள்.

"தங்கச்சி, ஒரு கை குடு. மிஷினைத் தூக்கி வண்டியில வச்சுடலாம். எனக்கு இங்க வேலை முடிஞ்சுது."

ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனோம். அவர் கதவைச் சாத்தாமல் பார்த்துக்கொண்டே நின்றார். பாவம் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. இத்தனை வருஷம் கழித்து யோசித்துப் பார்க்கிறேன், இப்போதும் தோன்றவில்லை.